தினேஷின் ராக்

ஜூன் 14, சனி

இன்று விளாங்குடியில் எங்கள் காலனி ஆண்டு விழா. எங்கள் பேண்டின் முதல் கச்சேரி. தினேஷ் பாடகன், நான் டிரம்ஸ். ஆறு மாதமாக எங்கள் வீட்டு மொட்டைமாடியில் பயிற்சி செய்தோம். ராக் என்றால் யாருக்கும் பணியாத இசை என்று தினமும் வகுப்பெடுத்தவன் அவன்தான்.

மேடையேறும் முன் காலனி சங்கச் செயலாளர் தினேஷிடம் வந்தார். "பொம்பளப்புள்ள டிரம்ஸ் அடிச்சா பெரியவுக முகஞ்சுளிப்பாக. ஓரமா நின்னு கைதட்டட்டும்."

யாருக்கும் பணியாதவன் குனிந்தான். "சரிங்கண்ணே." பிறகு என்னிடம், "ஒரு நாள்தான திவ்யா, கோவிச்சுக்காத" என்றான். கழுத்தில் மண்டையோட்டு டாலர் வேறு.

"டிரம்ஸ் என்னுது. எடுத்துட்டுப் போறேன்" என்றேன்.

நாற்காலிகளுக்கு நடுவே மூன்று நடை நடந்து எல்லாவற்றையும் வீட்டுக்குத் தூக்கி வந்தேன். ஏன் என்று ஒருவரும் கேட்கவில்லை. எல்லோருடைய கண்ணும் பக்கோடாத் தட்டின் மேல் இருந்தது.

டிரம்ஸ் இல்லாமலே பாடினார்கள். என் அறை ஜன்னல் வழியாகக் கேட்டது. இரண்டாவது பாட்டிலேயே தாளம் தப்பிவிட்டது. சிரிக்கத்தான் நினைத்தேன். ஆனால் என் கை தன்னால் தொடையில் சரியான தாளத்தைத் தட்டிக்கொண்டிருந்தது. அந்தக் கோழைக்குப் போய் இன்னமும் தாளம் போடும் இந்தக் கையை என்ன செய்வது?