படுக்கையருகே ஆங்கிலம்

வியாழன், ஐப்பசி 14

இன்று வார்டில் மருத்துவ மாணவர்களுக்குப் பாடம் எடுத்தபோது ஒரு தவறு நடந்துவிட்டது. ஏழாம் படுக்கையில் முருகேசன். தென்காசிப் பக்கத்துப் பையன். இருங்காட்டுக்கோட்டையில் ஆறு பேரோடு ஒரே அறையில் தங்கி கம்பெனி வேலைக்குப் போகிறான். மஞ்சள் காமாலையோடு வந்தவன். அவனுக்கு ஹெபடைடிஸ் பி கல்லீரல் தொற்று என்பதை ஒரு மாணவி வழக்கம்போல ஆங்கிலத்தில் விவரித்தாள். நோயாளிக்குப் புரியாது என்பதுதான் எங்கள் தைரியம். துணைக்கு வந்திருந்த அறைத்தோழன் செல்வம் பக்கத்திலேயே நின்றிருந்தான். அவனை யாரும் கவனிக்கவில்லை.

மதியம் போனபோது, இருவருக்குமாக வாங்கி வைத்திருந்த சாப்பாடு பிரிக்காமலே கிடந்தது. செல்வத்தைக் காணோம்.

"எனக்கு இது முன்னாடியே தெரியும் சார். ரூம்ல சொல்லாம வச்சிருந்தேன். அவன் டிப்ளமோ படிச்சவம்லா, இங்கிலீஷ் புரியும்" என்றான் முருகேசன்.

அவனிடம் கேட்டுக்கொண்டு செல்வத்துக்குப் போன் செய்தேன். சேர்ந்து சாப்பிடுவதால் இது ஒட்டாது, உங்களுக்கெல்லாம் தடுப்பூசியும் இருக்கிறது என்றேன். "சரி சார், சரி சார்" என்று கேட்டுக்கொண்டான்.

சாயங்காலம் அறையில் இருந்த முருகேசனின் துணிப்பையும் சாப்பாட்டுத் தட்டும் வாசல் செக்யூரிட்டியிடம் வந்து சேர்ந்தன.

அந்த மாணவி அழுதாளாம். அவள் மெதுவாகத்தான் சொன்னாள். பின்னால் நிற்பவர்களுக்குக் கேட்கவில்லை, சத்தமாகச் சொல்லம்மா என்றவன் நான்.