அத்தான் வெட்டிய செடிகள்

ஊன்ட்றொப், ஜேர்மனி,
12.07.2004

அன்புள்ள அம்மாவுக்கு,

ஐயாவின் முழங்கால் எப்படி? நீங்கள் மருந்தை ஒழுங்காக எடுக்கிறீர்களா? எனக்கு ஒரு குறையும் இல்லை.

அத்தான் அடுத்த கிழமை அக்காவிடம் வந்துவிடுவார். பயப்படாதேங்கோ, அவருக்கு வருத்தம் ஒன்றும் இல்லை. நாங்கள் வேலை செய்யும் நாற்றுத்தோட்டத்தில், நல்ல வெயில் விழும் கல்லு நிலத்தில், விற்க வளர்த்த அமெரிக்கப் புல்வெளிக் குளோவர் என்ற பூச்செடி நின்றது. பூத்திருந்தால் தெரிந்திருக்கும். சின்னச் சோளப்பொத்தி போன்ற தலையைச் சுற்றி ஊதாப்பூ கீழிருந்து வளையமாக மேலேறும். பூக்க முதல் பார்த்தால் இலை எங்கள் பசளைச் செடி காவிளாய்தான். ஊரில் புகையிலைக்குத் தாழ்ப்பதுபோல அத்தான் அவ்வளவையும் மண்வெட்டியால் வேரில் வெட்டி ரோசாப் பாத்திக்குப் பசளையாகத் தாட்டுவிட்டார். முதலாளி மெச்சுவான் என்று நினைத்தார்.

முதலாளி கத்தவில்லை. தோண்டியெடுத்துத் திரும்ப நடச் சொன்னான். அந்தச் செடி முதல் வருசங்களில் வேரைத்தான் ஆழமாக இறக்கும். வேர் அறுந்தால் பிழைக்காது. "அவனிடம் சொல்லாதே, தண்ணீர் ஊற்றட்டும்" என்று என்னிடம் சிரித்தான்.

"தம்பி, இண்டைக்குக் கொஞ்சம் நிமிர்ந்திருக்கு, என்ன?" என்று அத்தான் காலையில் கேட்பார்.

"ஓம் அத்தான்."

எல்லாம் கருகிய பிறகுதான் அவரை வேலையால் நிறுத்தினான். வேலை இல்லாதவனுக்கு விசாக் கந்தோரில் விசா நீட்டித்துக் கொடுக்க மாட்டார்களாம். "உங்கள் நாட்டில் இப்போது சமாதானம்தானே" என்கிறார்கள், படுபாவிகள். அவரை நிறுத்திய மறுநாளே அத்தானின் சப்பாத்தைப் போட்டுக்கொண்டு வேறொருவன் வேலை செய்தான்.

அக்காவிடம் பக்குவமாகச் சொல்லுங்கோ. நீங்கள் அனுப்பும் மிளகாய்த்தூள் இனி அரைப் பை காணும். ஒருவனுக்குத்தானே சமையல். பஸ் வருகிறது.

மகன்,
ஐங்கரன்