இடப்பக்கம் பள்ளம்

மார்ச் 6

அன்புள்ள தம்பிக்கு,

நான் நலம். நீயும் நலமென்றுதான் எழுதுவாய். அதை நான் நம்பாததால்தான் இந்தக் கடிதம்.

தொலைபேசியில் பேசினால் உன் மனைவி ஒலிபெருக்கியில் போட்டுவிடுகிறாள். பிடிக்காத பேச்சு வந்தால் நீ பாதியில் வைத்துவிடுகிறாய். கடிதத்தைப் பாதியில் வைத்தாலும் மீதி உன் மேசையில் கிடக்கும்.

நேற்றைய ஞாயிறு எனக்குச் சரியாகப் படவில்லை. ஏழு பத்து ரயிலில் வந்து இறங்கினாய். நான் இருவர் முன்னும் பின்னும் உட்கார்ந்து மிதிக்கும் நம் இரட்டை மிதிவண்டியைப் பிடித்துக்கொண்டு உன் இடப்பக்கம், நான்கடி தூரத்தில் நின்றேன். என்னைக் கடந்து போய், "அக்கா இன்னும் வரலியே" என்று ஞாயிறுதோறும் நம்மோடு மிதிவண்டியில் வரும் மணியடியிடம் சொன்னாய். வழியில் நாய் நின்றாலும் இலை விழுந்தாலும் மணியடிக்கும் அந்த மனிதர் சிரித்தார். நானும் சிரித்தேன். பிறகு விமானத் திடலின் தேநீர்க் கொட்டகையில் உன் மகள் பிஸ்கட் தட்டை உன் இடக்கைப் பக்கம் வைத்தாள். "பிஸ்கட் எங்கம்மா?" என்று கேட்டாய். அவள் தட்டை வலப்பக்கம் நகர்த்தினாள். அவளும் சிரித்தாள். இத்தனை சிரிப்பு எனக்கு ஒத்துக்கொள்வதில்லை.

உன் மூன்று சட்டைகளின் இடது தோளில் சுவர்ச் சுண்ணாம்பு ஒட்டியிருப்பதைப் பார்த்திருக்கிறேன். எந்த மனிதனும் ஒரே தோளால் மட்டும் சுவரில் உரசுவதில்லை.

ஏப்ரல் 9 அன்று உங்கள் விமான மன்றத்தின் குடும்ப நாளில் உன் மகளை விமானத்தின் பின் இருக்கையில் ஏற்றிக்கொண்டு பறக்கப் போகிறாய் என்று அவள் ஊரெல்லாம் சொல்கிறாள். அதற்கு முன் ஒரு கண் மருத்துவரைப் பார். இது வேண்டுகோள். கட்டளையாக எழுதினால் நீ செய்யமாட்டாய் என்பதால் இப்படி எழுதியிருக்கிறேன்.

அன்புடன்,
அக்கா

மார்ச் 9

அன்புள்ள அமிலத்திற்கு,

உன் மாணவர்கள் சும்மா இந்தப் பெயர் வைக்கவில்லை. வேதியியல் பேராசிரியைக்கு வேலை ஓய்வு உண்டு, அரிப்புக்கு ஓய்வில்லை போலிருக்கிறது.

முப்பத்தெட்டு வருஷம் அடுத்தவர் வாய்க்குள் கடைவாய்ப் பல்லின் பின்பக்கத்தைப் பார்த்துப் பிழைத்த கண் இது. பிஸ்கட் தட்டுக்கெல்லாம் மருத்துவரிடம் போனால் அவர் சிரிப்பார். ரயில் நிலையத்தில் நீ சாம்பல் நிறப் புடவையில் சாம்பல் நிறத் தூணோரம் நின்றாய். அது உன் தவறு.

எங்களுடையதைப் போன்ற குட்டி விமானத்துக்கு, உடம்பு சரியாக இருக்கிறது என்று நாமே எழுதிக் கையெழுத்திட்டால் போதும். ஜனவரியில் கையெழுத்திட்டேன். நானூற்றுப் பன்னிரண்டு மணி நேரம் பறந்திருக்கிறேன், ஒரு கீறல் கிடையாது. அதில் பாதி நேரம் நீயே பின்னால் உட்கார்ந்து என் காதுக்குள் பேசிக்கொண்டு வந்திருக்கிறாய். ஏதாவது நடந்ததா, சொல்!

சின்ன வயதிலிருந்து என்னிடம் எதுவும் கேட்காத பெண், முதல்முறையாக "அப்பா, என்னைக் கூட்டிட்டுப் போப்பா" என்று கேட்டிருக்கிறாள். அதைக் கெடுக்காதே.

ஞாயிற்றுக்கிழமை சிவப்பு நிறத்தில் எதையாவது உடுத்திக்கொண்டு நில்.

உன் தம்பி

மார்ச் 13

அன்புள்ள தம்பிக்கு,

"ஏதாவது நடந்ததா, சொல்" என்று எழுதியிருந்தாய். அந்த ஒரு வரி நான்கு நாளாக என்னை உட்காரவிடவில்லை. நேற்று சிவப்புப் புடவையில், உன் நேர் எதிரே நின்றேன், பார்த்தாய். அதன்பின் நான் வேறொரு காரியம் செய்தேன். மிதிவண்டியின் பின்னால் உட்கார்ந்தபடி, என் வாயிலிருந்து வருவதை நானே எண்ணினேன்.

ரயில் நிலையத்திலிருந்து திடலுக்குப் பதினொரு கிலோமீட்டர் போய்ச் சேர்வதற்குள் பதினேழு முறை "இடப்பக்கம்" என்றிருக்கிறேன். இடப்பக்கம் பள்ளம், இடப்பக்கம் கல், இடப்பக்கம் குழந்தை. "வலப்பக்கம்" என்று ஒருமுறைகூடச் சொல்லத் தேவைப்படவில்லை. சாலையின் வலப்பக்கம் மட்டும் அத்தனை ஒழுங்காகப் போட்டிருப்பார்கள் என்று நான் நினைக்கவில்லை.

விமானமும் நம் மிதிவண்டியின் அமைப்புத்தான்: முன்னால் ஓட்டுபவன், பின்னால் ஒரு வாய். நேற்று மேலே என்ன பேசினோம் என்று நினைத்துப் பார்.

"இடப்பக்கம் மஞ்ச விமானம் வருது பாரு."

"பாத்துட்டேன், பாத்துட்டேன்."

பார்த்துவிட்டேன் என்று சொன்ன பிறகுதான் தலையைத் திருப்பினாய்.

இரண்டு வருடத்துக்கு முன், "பின்னாடி மூட்டை மாதிரி உக்காராதே, ஏதாவது பேசு" என்றாய். பேச ஆரம்பித்தேன். நீ நன்றாக ஓட்டுகிறாய் என்று மன்றம் நம்புகிறது, மணியடி நம்புகிறார், உன் மகள் நம்புகிறாள், நீயும் நம்புகிறாய். அந்த நம்பிக்கையை என் வாயால் நான்தான் கட்டிக் கொடுத்திருக்கிறேன். ஏப்ரல் 9 அன்று பின்னால் இருக்கப் போகிறவளுக்கு இந்த வேலை தெரியாது. அவள் கீழே தெரியும் ஆட்டு மந்தையைப் படம் எடுத்துக்கொண்டிருப்பாள்.

மருத்துவரைப் பார். இம்முறை கட்டளையாகவே எழுதுகிறேன்.

அக்கா

மார்ச் 21

அக்கா,

கை எப்படி இருக்கிறது? கட்டு இறுக்கமாக இருந்தால் விரல் நுனி நீலமாகும், பார்த்துக்கொள். எலும்பு மருத்துவர் என் வகுப்புத் தோழர்தான், நல்லவர்.

எனக்கு முழங்காலில் சிராய்ப்பு மட்டும். ஆனால் ஞாயிற்றிலிருந்து ஒன்றே ஒன்று மனத்தில் சுற்றிக்கொண்டிருக்கிறது. கேட்காமல் இருக்க முடியவில்லை. திடலைச் சுற்றிப் போகும் அந்த மண்பாதையில் ஈ காக்கை கிடையாது. மிதிவண்டியில் நாம் நடக்கிற வேகத்தில்தான் போனோம். இடப்பக்கம் அத்தனை பெரிய ஆரஞ்சு நிற டிரம் நின்றிருக்கிறது, அதில் போய் மோதி விழுந்திருக்கிறோம். பின்னால் வந்த மணியடிகூட அதைப் பார்த்து மணியடித்தாராம். நீ அதைப் பார்த்தாயா, இல்லையா? பார்த்தாய் என்றால், ஏன் சொல்லவில்லை? எப்போதும் சொல்வாயே!

தம்பி

மார்ச் 23

அன்புள்ள தம்பிக்கு,

உடைந்தது இடது மணிக்கட்டு. எழுதும் கை தப்பியது. உன் அதிர்ஷ்டம் அவ்வளவுதான்.

பார்த்தேன். நாற்பது அடிக்கு முன்னாலேயே பார்த்தேன். வேண்டுமென்றே வாயை மூடிக்கொண்டேன்.

உன்னிடம் முன்கூட்டிச் சொல்லியிருந்தால் நீ கழுத்தைத் திருப்பித் திருப்பி ஓட்டியிருப்பாய், சோதனை கெட்டிருக்கும். அதனால் ஆளில்லாத பாதையாகப் பார்த்து, மெதுவாகப் போகச் சொல்லி, என் எலும்பையும் உன் முழங்காலையும் பந்தயம் வைத்தேன். ஒரு பேராசிரியைக்கு இது அழகல்ல. கடைசிப் பத்தடியில் "டிரம்" என்று கத்த வாய் திறந்தேன், நேரமாகிவிட்டது. அந்தப் பத்தடியைத் தினமும் ஒரு பத்துத் தடவையாவது திரும்பப் போய்க்கொண்டிருக்கிறேன்.

இப்போது உன் கடிதத்தை எடுத்து வைத்துக்கொள். "ஏன் சொல்லவில்லை" என்று என்னைக் கேட்டிருக்கிறாய். "நான் ஏன் பார்க்கவில்லை" என்று ஓரிடத்திலும் உன்னைக் கேட்டுக்கொள்ளவில்லை. முன்னால் உட்கார்ந்து ஓட்டுகிறவன் எழுதுகிற வரியா அது?

உனக்கு இடப்பக்கம் தெரிவதில்லை என்று முப்பத்தொன்றாம் தேதிக்குள் மன்றத்தின் பயிற்சியாளரிடம் நீயே சொல். நீ சொன்னால் அது மரியாதை. நான் சொன்னால் கோள். எனக்குக் கோள் சொல்லத் தெரியும் என்பது நீ ஏழாம் வகுப்பில் பரீட்சைத் தாளை ஒளித்து வைத்த நாளிலிருந்தே உனக்குத் தெரியும்.

அக்கா

ஏப்ரல் 1

தம்பி,

நேற்று மாலை ஐந்து மணி வரை காத்திருந்தேன். பிறகு பயிற்சியாளரைக் கூப்பிட்டு, நீ ஏதாவது சொன்னாயா என்று கேட்டேன். ஏப்ரல் 9க்கு விமானத்தைத் துடைத்து வைக்கச் சொன்னதாகச் சொன்னார்.

அவருக்கு இன்று எழுதிய கடிதத்தில் இருப்பது இவ்வளவுதான்: "என் தம்பிக்கு இடப்பக்கம் கண் தெரிவதில்லை. இரண்டு வருடமாக அதை மறைக்க உதவியவள் நான்." மூன்றாவது வரி எழுதவில்லை. எழுதினால் அழுமூஞ்சித்தனம் வந்துவிடும்.

உன் முதுகுக்குப் பின்னால் எழுதியதாக இருக்க வேண்டாம் என்று உனக்கும் தெரிவிக்கிறேன்.

அக்கா

ஏப்ரல் 11

மதிப்பிற்குரிய பேராசிரியர் அவர்களுக்கு,

தங்கள் கடிதம் உரியவரிடம் சேர்ந்தது. என் பெயரைப் பறப்பவர் பட்டியலிலிருந்து எடுத்துவிட்டார்கள். குடும்ப நாளில் நானும் என் மகளும் தேநீர்க் கொட்டகையில் உட்கார்ந்து மற்றவர்கள் பறப்பதைப் பார்த்தோம். இயந்திரம் பழுது என்று அவளிடம் சொல்லியிருக்கிறேன். "பரவாயில்லப்பா, அடுத்த மாசம் போலாம்" என்றாள். அந்தப் பதிலைத் தாங்கள் கேட்டிருக்க வேண்டும்.

விமானத்தில் என்னோடு பேசத் தாங்கள் காதில் மாட்டிக்கொள்ளும் ஒலிக்கவசத்தைத் தனிப் பொட்டலமாக அனுப்பியிருக்கிறேன். இனி ஞாயிற்றுக்கிழமைகளில் எனக்கு வேறு வேலை இருக்கும்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற பல் மருத்துவர்

ஜூன் 12

அன்புள்ள தம்பிக்கு,

ஒலிக்கவசம் வந்தது. சுற்றியிருந்த காகிதத்தில் உன் கையெழுத்துகூட இல்லை. பல் பிடுங்கிய பிறகாவது நோயாளியிடம் இரண்டு வார்த்தை பேசுவாயே!

கட்டுப் பிரித்துவிட்டார்கள். கை மெலிந்து வேறு யாருடையதோ போலிருக்கிறது. புட்டி மூடி திறக்க வராதபோதெல்லாம் உன்னைத் திட்டுகிறேன். அந்த வகையில் தினமும் நினைவில் இருக்கிறாய்.

மன்னிப்புக் கேட்க இதை எழுதவில்லை. பயிற்சியாளருக்கு எழுதியதை மறுபடியும் எழுதுவேன். ஆனால் நீ இன்னும் கார் ஓட்டுகிறாயா, மாடிப்படி இறங்கும்போது எந்தப் பக்கச் சுவரைப் பிடிக்கிறாய், தெருவை எப்படிக் கடக்கிறாய் என்றெல்லாம் யாரிடமும் கேட்க முடியாமல் இரண்டு மாதமாக இங்கே உட்கார்ந்திருக்கிறேன். தொலைபேசி அடித்தால் அடுப்பை அப்படியே விட்டுவிட்டு ஓடுகிறேன். எடுத்தால் மணியடி, சங்கிலி எண்ணெய் எந்தக் கடையில் கிடைக்கும் என்று கேட்கிறார்.

ஒரு செய்தி. மிதிவண்டிக் கடைக்காரரிடம் சொல்லி இரட்டை மிதிவண்டியின் முன் இருக்கையை என் உயரத்துக்கு இறக்கிவிட்டேன். "பாட்டிம்மா, முன்னாடி நீங்களா ஓட்டப் போறீங்க?" என்றார். "பாட்டி வேறு, பேராசிரியை வேறு, திருகாணியை முடுக்குங்க" என்றேன். கடந்த இரண்டு ஞாயிறும் அதைப் பிடித்துக்கொண்டு ஏழு பத்து ரயிலுக்கு நின்றேன். நீ இறங்கவில்லை. தனியாகவே திடல் வரை ஓட்டிப் போனேன். அந்த வண்டியில் ஆளில்லாவிட்டாலும் பின் மிதிகள் தாமாகச் சுற்றுகின்றன. முன்னால் இருப்பவளுக்கு அது தெரியாது. சத்தம் மட்டும் வழி நெடுகக் கேட்கிறது.

பின்னால் உட்கார்ந்து பேசிக்கொண்டு வர ஓர் ஆள் தேவை. எனக்கு இரண்டு பக்கமும் தெரிகிறது. ஆனால் மேடு ஏற மூச்சில்லை.

அன்புடன்,
அக்கா

ஜூன் 16

அக்கா,

மே மாதமே மருத்துவரைப் பார்த்துவிட்டேன். கண்ணுக்குள் அழுத்தமாம். இரண்டு கண்ணிலும் இருக்கிறது, இடது கண்ணில் மோசம். போனது திரும்பாது; மிச்சத்தைச் சொட்டு மருந்தால் காப்பாற்றலாம் என்கிறார். ஒரு வருஷம் முன்னால் வந்திருக்கக் கூடாதா என்று கேட்டார். கார் சாவியை உன் தம்பி மனைவி எடுத்து வைத்திருக்கிறாள்.

இயந்திரம் பழுது இல்லை என்பதை மகளிடம் நானே சொன்னேன். மூன்று நாள் தட்டை எடுத்துக்கொண்டு தன் அறைக்குப் போய்ச் சாப்பிட்டாள். நாலாம் நாள், "அத்தை கைய ஒடச்சிக்கிட்டது எனக்காகவாப்பா?" என்று கேட்டாள். ஆமாம் என்றேன்.

ஞாயிற்றுக்கிழமை ஏழு பத்து ரயிலில் வருகிறேன். என் வலப்பக்கம் நில்.

உன் தம்பி