என் புலம்பலையெல்லாம் எங்கே கொண்டுபோனாய்?

என் வாயாடி அக்காவுக்கு,

நீ போய் வருஷம் திரும்பப் போகிறது. பேப்பரில் உன் படத்தைப் போட்டு நாலு வரி எழுதலாம் என்று உட்கார்ந்தேன். 'எங்களை மீளாத் துயரில் ஆழ்த்திச் சென்ற' என்று ஆரம்பித்ததுமே உன் சிரிப்பு கேட்டது. எங்களை என்றால் யாரை? இருப்பது நான் ஒருவன்தானே. அதனால் அந்த நாலு வரியை விட்டுவிட்டு இதை எழுதுகிறேன். நீ இருந்தால் வாக்கியத்துக்கு வாக்கியம் குறுக்கே விழுவாய். இப்போது யார் தடுக்கப் போகிறார்கள், நீளமாகவே போகட்டும்.

முதலில் வீட்டுச் செய்தி. தெம்பனிஸ் வீடு நீ வைத்தது வைத்தபடியே இருக்கிறது. உன் தொட்டிகளில் கறிவேப்பிலை மட்டும் பிழைத்துக்கொண்டது. மற்றவை நான் ஊற்றிய தண்ணீரிலேயே அழுகிவிட்டன. கீழே காப்பிக்கடைக்காரர் கொஞ்ச நாள் பழக்கதோஷத்தில் இரண்டு பொட்டலம் கட்டிக்கொண்டிருந்தார். நான் ஒற்றை விரலைக் காட்டியதும் ஒன்றை எடுத்துத் தள்ளி வைத்துவிட்டு வேறு பக்கம் பார்ப்பார். இப்போது விரலைக் காட்ட வேண்டியதில்லை, அவரே ஒன்றுதான் கட்டுகிறார்.

வீட்டுக்கு வந்ததும் டிவியைப் போட்டுவிடுவேன். பார்ப்பதில்லை. யாராவது பேசிக்கொண்டிருக்கட்டும் என்றுதான்.

என் வேலையைப் பற்றி உனக்குச் சொல்ல வேண்டியதில்லை. ஆனால் இதை வேறு யாராவது படித்தால் அவர்களுக்கும் புரிய வேண்டும் அல்லவா? அடுக்குமாடி புளோக்கில் லிஃப்ட் நடுவழியில் நின்றுபோனால் உள்ளே இருப்பவர்கள் மணிப் பொத்தானை அமுக்குவார்கள். ஸ்பீக்கரில் ஒரு குரல் வரும். அந்தக் குரல் நான்தான். ஜூரோங்கில் ஜன்னல் இல்லாத ஓர் அறையில் ஹெட்செட்டை மாட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன். கதவைத் திறக்க என்னால் முடியாது. மெக்கானிக்கை அனுப்பலாம், அவர் போய்ச் சேரும்வரை பேசலாம், அவ்வளவுதான் என் அதிகாரம்.

கப்பல் பட்டறையில் ஆட்களைக் குறைத்தபோது கிடைத்த வேலை இது. ஒருநாளும் பிடித்ததில்லை. பாதி அழைப்பு விளையாட்டுப் பிள்ளைகள் அமுக்குவது. மிச்சமெல்லாம் கோபக்காரர்கள். லிஃப்ட்டை நான்தான் நிறுத்திவைத்த மாதிரி காதில் கொட்டுவார்கள். கதவு திறந்ததும் போய்விடுவார்கள். நன்றி சொல்வதற்காக மறுபடியும் ஒருவர் அந்தப் பொத்தானை அமுக்கியதாகச் சரித்திரமே இல்லை.

சாயங்காலம் நீ வெந்நீர் பேசினில் காலை வைத்துக்கொண்டு சோபாவில் சாய்ந்திருப்பாய். நான் சட்டையைக்கூட மாற்றாமல் எதிரே உட்கார்ந்து புலம்புவேன். எல்லாவற்றையும் கேட்டுவிட்டு உன் உபதேசம் வரும். லிட்டில் இந்தியா சேலைக்கடையில் மேட்சிங் ரவிக்கைத் துணி வெட்டுகிறவள் வேறு எப்படி உபதேசம் செய்வாய்?

"வேலைங்கிறது எடுத்த சேலை மாதிரிடா. பில்லு போட்டாச்சு, திருப்பித் தர முடியாது. ரவிக்கைய மாத்திப் பாரு, அதே சேலை வேற மாதிரி தெரியும். மனச மாத்துடா!"

"ஆம்பளைக்கு எதுக்குக்கா ரவிக்கை உபதேசம்?"

"ஒனக்குச் சொன்னா ஏறவா போகுது? சாப்ட வா."

தினமும் இதே கூத்துதான். நீ உன் வேலையை ரசித்துச் செய்கிறாய் என்றுதான் நான் நம்பிக்கொண்டிருந்தேன். உனக்கு வாய்த்த மனசு எனக்கு வாய்க்கவில்லை என்று விட்டுவிட்டேன். வரன் அமையாத அக்காவும், கல்யாணம் வேண்டாம் என்ற தம்பியும் ஒரு வீட்டை வாங்கிக்கொண்டு காலம் தள்ளினோம். அதில் ஒருத்திக்காவது பிடித்த வேலை அமைந்ததே என்று எனக்கு ஒரு திருப்தி.

போன தீபாவளிக் கூட்டம் ஓய்ந்த வாரத்தில் உன் நெஞ்சு வலித்தது. ஆஸ்பத்திரிக்கு நான் வந்து சேர்வதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது.

காரியங்கள் முடிந்து வேலைக்குத் திரும்பினேன். அதே அறை, அதே பிள்ளைகள், அதே வசவு. ஆனால் முன்பு எப்படியோ தாங்கிக்கொண்டது இப்போது தாங்கவில்லை. ஏன் என்று ரயிலில்தான் தெரிந்தது. கிளமெண்டி ஸ்டேஷன் தாண்டும்போதே அன்றைய அழைப்புகளில் எதை முதலில் சொல்வது, எதைக் கடைசியில் வைப்பது என்று மனசு தன்பாட்டுக்கு அடுக்க ஆரம்பிக்கும். பிடோக் வருவதற்குள் கதை தயாராகிவிடும். நம் ஸ்டேஷனுக்கு முந்தின சீமெய் வந்ததும்தான் யாரிடம் சொல்லப் போகிறோம் என்று உறைக்கும். நாள் முழுக்கப் பேசிவிட்டு, ஒருவரோடும் பேசாமல் படுக்கிற பிழைப்பு ஆகிவிட்டது அக்கா.

இந்த நேரத்தில் என் ஒப்பந்தமும் முடிய வந்தது. மேலதிகாரி சூ லிங் வயதில் சின்னவள், நல்ல பிள்ளை. "மிஸ்டர் சேகர், ரினியூ ஆர் நாட்? மந்த் எண்ட் மஸ்ட் டெல் மீ லா," என்றாள். இனி வேண்டாம் என்று மனசுக்குள் முடிவு கட்டிவிட்டேன். நின்றுவிட்டால் நாள் முழுக்க இந்த வீட்டுச் சுவர்களோடுதான் இருக்க வேண்டும், வேறு ஆள் கிடையாது. அது தெரிந்துதான் முடிவெடுத்தேன். வருகிறவன் போகிறவனிடமெல்லாம் திட்டு வாங்குவதற்கு இது மேல் என்று பட்டது.

உன் கடையிலிருந்து இரண்டு மூன்று முறை போன் வந்தது. உன் லாக்கரில் உள்ளதை எடுத்துக்கொள்ள வேண்டுமாம். தள்ளிப்போட்டு, தள்ளிப்போட்டு, ஓய்வு நாளில் ஒரு மத்தியானம் போனேன். ஏசிக் குளிருக்கு நீ போர்த்திக்கொள்ளும் சால்வை, ஒரு ஜோடிச் செருப்பு, கைப்பிடி உடைந்த கோப்பை. இவற்றை ஒரு பையில் போட்டுக் கொடுத்தாள் உன் பக்கத்து மேசை மேகலா. கொடுத்துவிட்டு என் முகத்தையே பார்த்தாள்.

"அண்ணே, நீங்கதானே லிஃப்ட் தம்பி?"

எனக்கு ஒன்றும் புரியவில்லை. அதற்குள் அவள் உள்ளே திரும்பி, "ஏய், லிஃப்ட் தம்பி வந்திருக்காருடி!" என்று குரல் கொடுத்தாள். கடைப் பெண்கள் எல்லாரும் வந்து சூழ்ந்துகொண்டார்கள். காசாளர் அம்மாகூட எழுந்து வந்தார்.

"டுரியான் கதைய நீங்க ஒங்க வாயால சொல்லுங்கண்ணே," என்றாள் ஒருத்தி.

ஒருநாள் பையில் டுரியான் பழத்தோடு ஒருவர் லிஃப்ட்டில் மாட்டிக்கொண்டாரே, அதைத்தான் கேட்டாள். கூட இருந்தவர்கள் மாறி மாறி மணியை அமுக்கி, நின்ற லிஃப்ட்டை விட்டுவிட்டு, நாற்றத்தைப் பற்றியே என்னிடம் புகார் செய்தார்கள். கடைசியில் மெக்கானிக் கதவைத் திறந்தபோது எல்லாரும் சேர்ந்து அதைப் பிளந்து சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். நான் இதை உன்னிடம் வயிற்றெரிச்சலோடுதான் சொன்னேன். நீ அதை இங்கே கொண்டுவந்து சபையேற்றியிருக்கிறாய்!

மேகலாவே சொல்லிக் காட்டினாள். நிறையக் கைச்சரக்கு சேர்த்திருக்கிறாய் அக்கா. நான் 'சாரி சார், சாரி மேடம்' என்று குழைந்த இடத்திலெல்லாம், உன் கதையில் சுடச்சுடப் பதில் கொடுக்கிறேன். எனக்கும் ஒரு சுளை அனுப்பு என்று மெக்கானிக்கிடம் கேட்கிறேன். உன் கதைகளில் நான் ஒருமுறைகூடத் தோற்றதில்லையாம்.

"காலையில ஷட்டர் தொறக்கும்போதே ஆரம்பிச்சிடுவாங்கண்ணே, 'நேத்து என் தம்பி என்ன சொன்னான் தெரியுமா'ன்னு. அதுதான் எங்களுக்கு டீ மாதிரி."

"அவளுக்கு இந்த வேலை ரொம்பப் பிடிக்கும்," என்றேன், ஏதாவது சொல்ல வேண்டுமே என்று.

மேகலா சிரித்துவிட்டாள். "யாருக்கு, அக்காவுக்கா? ஐயோ, மாசத்துக்கு ஒரு தடவ 'நான் வேலைய விட்டு நிக்கப் போறேன்'னு சொல்வாங்க லா. காலு அப்படி வீங்கும். 'இந்தக் கலரு இல்ல, இந்தக் கலரு இல்ல'ன்னு துணிய இழுத்துப் போடுறவங்கள நெனச்சாலே அவங்களுக்கு எரிச்சல். ஒங்க கதைதாண்ணே அவங்கள ஓட்டுச்சு."

பையைத் தூக்கிக்கொண்டு சிராங்கூன் சாலையில் இறங்கி நடந்தேன். பூக்கடை, நகைக்கடை எதுவும் கண்ணில் படவில்லை. உன்மேல் எனக்குக் கோபம், அக்கா. நல்ல கோபம். எனக்கு ரவிக்கை உபதேசம் செய்துவிட்டு, நீ அங்கே நின்றுகொண்டு வீங்கிய காலோடு எரிச்சல்பட்டாயா? என்னிடம் ஒரு வார்த்தை சொன்னால் என்ன? நான் கேட்டிருக்க மாட்டேனா? இல்லை, என் புலம்பலைக் கேட்டுத்தான் உன் மனசை மாற்றிக்கொண்டாயா? நான் வெறுத்துக்கொண்டு சுமந்து வந்ததை வைத்தா நீ உன் நாளை ஓட்டினாய்? இதற்கெல்லாம் யார் பதில் சொல்வது?

அந்த வாரத்திலேயே ஒரு மழை நாள். ஊரெல்லாம் லிஃப்ட் கோளாறு, மெக்கானிக்குகள் ஆளுக்கொரு மூலையில். ஓர் அழைப்பு வந்தது. எடுத்தால் பேச்சில்லை, மூச்சு மட்டும் கேட்கிறது. ஆங்கிலத்தில் கேட்டேன், மலாயில் கேட்டேன். கடைசியில் "யாருப்பா அது?" என்று நடுங்கும் குரலில் ஓர் அம்மா.

தமிழில் எனக்கு எழுதிக் கொடுத்திருப்பதை ஒப்பித்தேன். 'தயவுசெய்து பதற்றமடைய வேண்டாம். கதவைத் திறக்க முயற்சி செய்ய வேண்டாம்.' அந்தம்மா அழ ஆரம்பித்துவிட்டார். மெக்கானிக் வர நேரமாகும். என்ன பேசுவது? என்னையறியாமல் வாயில் வந்துவிட்டது.

"சாப்டீங்களாம்மா?"

மாட்டிக்கொண்டு அழுகிற மனுஷியிடம் கேட்கிற கேள்வியா இது? நம் ஆட்களைத் தவிர வேறு யாருக்கு இந்தத் தப்பு வரும்? ஆனால் அழுகை நின்றுவிட்டது.

"இல்லப்பா. மார்க்கெட்டு போய்ட்டு வர்றேன், இனிமேத்தான் சமைக்கணும். கையில மீனு வேற இருக்கு, கெட்டுப் போயிடும்." அடுத்து அவரே, "நீ சாப்ட்டியாப்பா?"

நீ போனபிறகு என்னிடம் அதை யாரும் கேட்டிருக்கவில்லை. மைக்கை அணைத்துவிட்டேன். கண்ணைத் துடைத்துக்கொண்டு மறுபடியும் போட்டபோது, அந்தம்மா "தம்பி? இருக்கியா?" என்று தேடிக்கொண்டிருந்தார்.

"இருக்கேம்மா. கையில மீனு இருக்குன்னீங்கள்ல, ஒரு தடவ ஒருத்தர் டுரியானோட மாட்டிக்கிட்டாரு..." என்று ஆரம்பித்தேன். நடந்தபடி சொல்லவில்லை, நீ சொன்னபடி சொன்னேன். அந்தம்மா சிரிக்க ஆரம்பித்தார். பாதிக் கதையில் கதவு திறக்கும் சத்தம் கேட்டது. "ஆன்ட்டி, கம் அவுட் ஃபர்ஸ்ட்!" என்று மெக்கானிக் கூப்பிடுகிறார். இந்தம்மா அவரிடம் சொல்கிறார்:

"வெயிட் லா, வெயிட்! ஸ்டோரி நாட் ஃபினிஷ்!"

கதை முடிந்தபிறகுதான் வெளியே போனார், அக்கா. போகும்போது "வர்றேம்ப்பா" என்று வேறு சொல்லிவிட்டுப் போனார்.

சூ லிங் என் நாற்காலியருகே வந்து, "சேகர், யூ லாஃபிங் ஆர் கிரையிங்?" என்றாள். எனக்கே தெரியவில்லை என்றேன். மாதக் கடைசியில் ஒப்பந்தத்தைப் புதுப்பித்துக் கையெழுத்துப் போட்டேன்.

பார்த்தாயா, மனசு மாறிவிட்டது என்று உடனே துள்ளாதே. வேலை இன்னமும் பிடிக்கவில்லை. நேற்றும் பிள்ளைகள் அமுக்கினார்கள், நேற்றும் வசவு வாங்கினேன். எழுதிக் கொடுத்ததை ஒப்பித்து முடித்ததும் சாப்பிட்டாச்சா என்று இப்போதெல்லாம் எல்லாரிடமும் கேட்கிறேன். மலாயில் 'சுடா மக்கான்' என்று கேட்கத் தெரியும். சீனர்கள் பேசும் ஹொக்கியனில் கேட்பதற்குப் பக்கத்து நாற்காலிக்காரரிடம் கற்றுக்கொண்டேன். 'நான் இங்கே மாட்டிக்கிட்டு நிக்கிறேன், ஒனக்குச் சாப்பாடு கேக்குதா?' என்று சிலர் கத்துகிறார்கள். சிலர் பதில் சொல்கிறார்கள். சொல்கிறவர்களோடு மெக்கானிக் வரும்வரை நன்றாகப் போகிறது. அந்தக் கொஞ்ச நேரம் சந்தோஷமாகவே இருக்கிறேன். இல்லையென்று பொய் சொல்ல மாட்டேன்.

வீடு மட்டும் மாறவில்லை. கதவைத் திறந்து விளக்கைப் போடும் அந்த நிமிஷத்துக்கு எந்த ரவிக்கையும் மேட்சிங் ஆகவில்லை. அதற்கு என்ன செய்வது என்று நீ சொல்லாமலே போய்விட்டாய்.

உனக்கு ஒரு வாக்கு கொடுக்கத்தான் இத்தனையும் எழுதினேன். இனிமேல் அன்றன்றைய கதையை உனக்காகச் சேர்த்து வைத்துக்கொண்டு, இந்த வீட்டுக்குத் தூக்கி வந்து, சொல்ல ஆளில்லாமல் நிற்க மாட்டேன். நேற்று ஒன்று நடந்தது. நினைத்தாலே சிரிப்பு வருகிறது, ரயிலில் பக்கத்தில் நின்றவர்கூடத் திரும்பிப் பார்த்தார். அதை இங்கே எழுதப் போவதில்லை. சனிக்கிழமை ஷட்டர் திறக்கும் நேரத்துக்கு உன் கடைக்குப் போய் மேகலாவிடமும் மற்றவர்களிடமும் சொல்லப் போகிறேன். கேட்க வேண்டுமென்றால் நீயும் அங்கே வந்து நில்.

நீ இல்லாவிட்டாலும் உன் தம்பியே,
சேகர்