தண்ணிக்கு இந்தியில் என்ன பேர்?

10 ஜூன் 2024, திங்கள்
இரண்டு பஸ் மாறி போசரி போய்ச் சேர்வதற்குள் மழையில் புடவை தொப்பலாகிவிட்டது. நான் வேலை பார்க்கும் போதை மீட்பு மையத்தில் டாக்டர் மும்தாஜ் எல்லாரையும் கூப்பிட்டுச் சொன்னார்: அடுத்த வருஷத்திலிருந்து சான்றிதழ் இல்லாதவர்கள் கவுன்சலிங் அறையில் உட்காரக் கூடாது. மற்றவர்கள் எல்லாம் எம்.எஸ்.டபிள்யூ., சமூகப்பணிப் பட்டம். நான் ஒருத்திதான் பன்னிரண்டாவது. இத்தனை வருஷம் குடிப்பவர்களின் மனைவிமார்களோடு உட்கார்ந்து பேசினேனே, அது? இனி டீ கொடுக்கலாம், பாய் மடிக்கலாம்.

11 ஜூன்
டிகிரி இல்லாதவர்களுக்கும் சான்றிதழ் வாங்க ஒரு வழி இருக்கிறதாம்! டாக்டர் தனியாகக் கூப்பிட்டுச் சொன்னார். மையத்தில் அவர் மேற்பார்வையில் வேலை, அப்புறம் எழுத்துப் பரிட்சை, கடைசியில் நேர்முகம். அதில் ஒருவர் நோயாளியாக நடிப்பாராம், நாம் அவரைப் பேச வைக்க வேண்டும்.

இவரிடம் சொன்னேன். முகம் சுருங்கிவிட்டது. என் வீட்டுக்காரர் பாஸ்கர் என்றால் எங்கள் வானவடி பில்டிங்கில் மிடுக்கான எக்ஸ்-ஆர்மி. குடித்ததும் விட்டதும் இங்கே ஒருத்தருக்கும் தெரியாது. ஆஸ்பத்திரியில் கிடந்ததற்கு நாங்கள் வைத்த பேர் ஜாண்டிஸ். "படி, வேணாங்கல. ஆனா எதனால இந்த வேலைக்குப் போனேன்னு பில்டிங்ல பேச்சு வரக்கூடாது" என்றார்.
சரி. பாதி சம்மதம்.

15 செப்டம்பர், ஞாயிறு
வாகடிலிருந்து மகள் மீனு வந்து பாடம் சொல்லித்தருகிறாள். ஐ.டி. கம்பெனியில் பத்துப் பேரை மேய்க்கிறவள், என்னையும் அப்படியே மேய்க்கிறாள். புத்தகம் இங்கிலீஷ், அவள் தமிழோ அரைகுறை.
"ரிலாப்ஸ்னா குடிய விட்டவன் திரும்பி... விழறதும்மா."
"விழறது இல்லடி, சறுக்குறது."
இரண்டுக்கும் என்ன வித்தியாசம் என்று சண்டைக்கு வந்தாள். குடிச்சவன் வீட்டில் இருந்து பார், தெரியும் என்று வாய் வரை வந்தது. அவளும் அந்த வீட்டில்தானே வளர்ந்தாள். அடக்கிக்கொண்டேன்.

24 நவம்பர்
எழுத்துப் பரிட்சை பாஸ்!! இந்த வயசில்!

20 டிசம்பர், வெள்ளி
இன்று நேர்முகம். மானம் போச்சு. இல்லை, போகவில்லையோ? தெரியவில்லை. எழுதிப் பார்க்கிறேன்.

நோயாளியாக நடித்தவர் தலையைக் குனிந்துகொண்டு உட்கார்ந்திருந்தார். எது கேட்டாலும் வாய் திறக்கவில்லை. எனக்குப் பதற்றம் வந்தால் மனசு தமிழில்தான் ஓடும். தண்ணி போட ஆரம்பித்து எத்தனை நாளாச்சு என்பதை அப்படியே இந்தியில் கேட்டுத் தொலைத்தேன்: "பானி கப் சே பீ ரஹே ஹைன்?"

மனுஷர் நிமிர்ந்து பார்த்தார். "பச்பன் சே, மேடம்!"
சின்ன வயசிலிருந்து தண்ணீர் குடிக்கிறாராம்! தேர்வுக் குழு விழுந்து விழுந்து சிரித்தது. நானும் சிரித்துவிட்டேன், வேறென்ன செய்ய?

அப்புறம் வாயில் வந்ததைச் சொன்னேன். எங்கள் பாஷையில் சாராயத்துக்கும் தண்ணி என்றுதான் பேர். என் வீட்டுக்காரர் குடித்த காலத்தில் தண்ணிதானே, தண்ணிதானே என்றே நானும் ஓட்டினேன். நோய் என்று சொல்ல நாக்கு வரவில்லை. உங்கள் வீட்டில் அதற்கு என்ன பேர்?

"தவாயி" என்றார் அவர். மருந்து. "என் அப்பா அப்படித்தான் சொல்வார்." அது நடிப்பு மாதிரி எனக்குப் படவில்லை.

வீட்டுக்கு வந்து இவரிடம் சொன்னேன். கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தார். சிரித்துக்கொண்டே வந்தவர் சட்டென்று நிறுத்தி, "நம்ம வீட்ல அதுக்கு ரெண்டு பேர் வச்சிருந்தோம், இல்ல? தண்ணி ஒண்ணு, ஜாண்டிஸ் ஒண்ணு" என்றார். எழுந்து பால்கனிக்குப் போய்விட்டார்.

14 ஜனவரி 2025, பொங்கல்
டாக்டர் போன் பண்ணினார். தேறிவிட்டேன்! மீனுவுக்குச் சொல்லிக்கொண்டிருந்ததில் பால் பொங்கி வழிந்து அடுப்பே அணைந்துபோயிற்று. போகட்டும். எனக்குப் பெருமையாக இருக்கிறது. அடக்கமாக எழுத வரவில்லை, வரவும் வேண்டாம்.

26 ஜனவரி, ஞாயிறு
பில்டிங்கில் கொடியேற்றம். செயலாளர் சூர்யநாராயணன் மைக்கில், விசாலம் மேடம் ஏதோ சமூக சேவையில் சான்றிதழ் வாங்கியிருக்கிறார், வாழ்த்துகள் என்றார். மீனு சொல்லியிருப்பாள். நான் கும்பிடு போட்டுவிட்டு உட்காரப் போனேன்.

இவர் எழுந்து போய் மைக்கை வாங்கினார். எல்லாருக்கும் புரியட்டும் என்று இந்தியில் பேசினார். அது சமூக சேவை இல்லை, குடிநோயாளிகளுக்குக் கவுன்சலிங் என்றார். "இவளோட முதல் பேஷன்ட் நான். எனக்கு வந்தது ஜாண்டிஸ் இல்லை, குடி."

ஒருத்தரும் கை தட்டவில்லை. சூர்யநாராயணன் அவசரமாக ஜிலேபித் தட்டை நீட்டினார். இவர் ஒன்றுக்கு இரண்டாக எடுத்துக்கொண்டு வந்து என் பக்கத்தில் உட்கார்ந்தார். அந்த மைதானத்தில் எனக்கு இருந்த கர்வம் யாருக்கும் இருந்திருக்காது.

மத்தியானம் மணி அடித்தது. மூன்றாவது மாடி ஸ்ரீரஞ்சனி. செருப்பைக் கழற்றாமல் வாசலிலேயே நின்றாள்.
"ஆன்ட்டி, எங்க வீட்டுக்காரரு கொஞ்சம் தண்ணி..." என்று ஆரம்பித்து நிறுத்தினாள். என்னைப் பார்த்தாள், இவரைப் பார்த்தாள். "தண்ணி இல்ல ஆன்ட்டி. குடிக்கிறாரு. தினமும்."

நான் எழுவதற்குள் இவர் நாற்காலியை இழுத்துப் போட்டுவிட்டார். "உள்ள வாம்மா" என்றார்.