லீவனின் கையெழுத்து

தங்கை காத்தலினுக்கு,

நடந்ததெல்லாம் நான் அன்றே சொன்னதுதான். உன் மூட்டுவலி தேவலையா?

நெசவாளியும் தன் மொழியில் வேதம் படிக்கட்டும், குருமார் திருந்தட்டும் என்று உன் மகன் லீவன் அச்சடித்தால் சும்மா விடுவார்களா? அவனை அடைத்திருக்கும் அன்ட்வெர்ப் சிறைக்குள் நான் நுழைந்ததும் காவலர்கள் எழுந்து வணங்கினார்கள்.

"மாமா, திருச்சபையை இடிக்கவா சொன்னேன்? கூட்டிப் பெருக்கத்தானே சொன்னேன்! பழைய சபை ஆளுங்க துரோகிங்கறாங்க, பிரிஞ்சு போன புதுச் சபை ஆளுங்க கோழைங்கறாங்க."

"எழுதினது தப்புன்னு கையெழுத்துப் போடுடா, மண்டு! இல்லாட்டி நெருப்புதான்."

உடனே சம்மதித்தான்.

அவனுடைய கம்பளிக் காலுறைகளை அனுப்பு, அறை ஈரம். எனக்கும் இங்கே பேச ஆளில்லை, நாலு வரி எழுது.

இதைக் கொண்டுவரும் வண்டிக்காரன் அவசரப்படுத்துகிறான். காத்தலின், சம்மதித்தான் என்பது நானாகச் சேர்த்தது. தாளைத் தொடக்கூட மறுத்துவிட்டான். வெள்ளிக்கிழமை தீர்ப்பு. நீ வந்து கெஞ்சினாலாவது போடுவானா, பார்.

அண்ணன் கோர்னெலிஸ்