முக்கால் கிலோ

முகம் பார்க்காமலே நான் வழியனுப்பிய என் அப்பாவுக்கு,

நலமா என்று உங்களைக் கேட்க முடியாது. நான் நலம் என்று எழுதவும் கை வரவில்லை. ஆடி மழை பிடித்துக்கொண்டது. மஞ்சக்குட்டையில் மூன்று நாளாக வெயில் எட்டிப் பார்க்கவில்லை. இனியாவின் துணிகளெல்லாம் ஈரம் சொட்டச் சொட்ட வீட்டுக்குள்ளேயே தொங்குகின்றன. இனியா யார் என்று கேட்பீர்கள். உங்கள் பேத்தி. ஏழு மாதம் ஆகிறது. காது மட்டும் அப்படியே உங்கள் காது.

பேத்தியைப் பற்றிச் சொல்லத்தான் எழுதுகிறாள் என்று சந்தோஷப்பட்டுவிடாதீர்கள். உங்களோடு சண்டை போடத்தான் உட்கார்ந்திருக்கிறேன். செத்துப்போன மனுஷனோடு என்ன சண்டை என்று உங்கள் மாப்பிள்ளை கேட்டார். உயிரோடு இருப்பவர்களோடு சண்டை போட எனக்குத் தெம்பு இல்லை, அப்பா.

முதலில் அந்த நாளைச் சொல்லிவிடுகிறேன். காப்பிப் பழம் பறிப்பு தொடங்கிய வாரம், எனக்கு நிறைமாதம். எஸ்டேட் கொட்டகையில் ஒரு சாக்கை எடை போட்டு எழுதிவிட்டு, அடுத்த ஆளைக் கூப்பிடுவதற்குள் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டீர்களாம். வீட்டுக்குக் கொண்டுவந்தபோது, வயிற்றுப்பிள்ளைக்காரி பிணத்தைப் பார்க்கக் கூடாது என்று என்னைப் பக்கத்து வீட்டில் உட்காரவைத்துக் கதவைச் சாத்திவிட்டார்கள். மேளச் சத்தம் ரோட்டு வளைவு திரும்பிக் குறைந்துபோவதை மட்டும் கேட்டேன். அம்மா போன பிறகு, என் கல்யாணம் வரைக்கும், பன்னிரண்டு வருஷம் நீங்களும் நானும் மட்டும்தானே இந்த வீட்டில் இருந்தோம்? அந்த உரிமைக்காகவாவது ஒரு நிமிஷம் கதவைத் திறந்திருக்கலாம் இல்லையா?

சேலத்து டாக்டர் உங்களிடம், சர்க்கரை ஏறிவிட்டது, பத்து கிலோ குறையுங்கள் என்று சொல்லி மூன்று வருஷம் இருக்கும். "பழம் பறிச்சு முடியட்டும் கண்ணு, அப்பறம் நடக்கறேன்" என்பீர்கள். பறிப்பு முடியும். கிளை வெட்டுகிற கவாத்து வரும். உரம் வைக்கிற வேலை வரும். மறுபடி பழம் சிவக்கும். முப்பது வருஷம் ஊரார் பறித்த காப்பிப் பழத்தையெல்லாம் எடை போட்டு எழுதிய ரைட்டர், தன் எடையை ஒரு நாளும் பார்த்ததில்லை என்று சொன்னால் யார் நம்புவார்கள்?

அதனால்தான் பயந்தேன் அப்பா. கர்ப்பத்தில் எனக்கும் சர்க்கரை வந்ததே, ஞாபகம் இருக்கிறதா? பிரசவத்துக்குப் பிறகு அதே டாக்டர், "அப்பாவுக்கு இருந்திருக்கு, உங்களுக்கும் தங்கிடலாம். எடையை மெதுவாக் குறைங்க. மூணு மாசம் கழிச்சு ஒரு டெஸ்ட் எடுத்துப் பாக்கலாம்" என்றார். அன்று என் எடை எழுபத்தெட்டு. கல்யாணத்தப்போ ஐம்பத்தெட்டு. அவர் மெதுவாக என்று சொன்னது என் காதில் ஏறவே இல்லை. மூன்று மாதம் என்பது ஏறியது. உங்களுக்கு இருந்தது என்பது ஏறியது. இருபது கிலோ, மூன்று மாதம் என்று நானே முடிவு கட்டினேன். என் மகளும் ஒரு நாள் சாத்தின கதவுக்குப் பின்னால் உட்கார்ந்து மேளச் சத்தம் கேட்கக் கூடாது என்பது மட்டும்தான் என் நினைப்பாக இருந்தது.

அழகுக்காக இல்லவே இல்லை என்று சொன்னால் பொய். உங்களிடம் எதற்குப் பொய்? பழைய ரவிக்கை ஒன்றும் கைக்கு மேல் ஏறவில்லை. நாற்பது நாள் கூட இருந்து பார்த்துக்கொண்ட மாமியார் ஊருக்குக் கிளம்பும்போது, "நல்லா ஊதிட்ட சாமி" என்று சிரித்தார். ஆசையாகத்தான் சொன்னார். அது உள்ளே போய் உட்கார்ந்துகொண்டது. போனில் ஒரு பெண் தொண்ணூறு நாளில் இருபது கிலோ குறைத்தேன் என்று இடுப்பைக் காட்டினாள். அவளுக்குக் கைக்குழந்தை இருக்கிறதா என்று நான் கேட்கவே இல்லை.

காலையில் வெறும் வெந்நீர். மதியம் ரெண்டு இட்லி. ராத்திரிக்கு ஒரு வெள்ளரிக்காய். குழந்தை பால் குடிக்கும்போதே கண் இருட்டிக்கொண்டு வரும், சுவரைப் பிடித்துக்கொள்வேன். தினமும் எடை மிஷினில் ஏறி நிற்பேன். முள் இறங்கியிருந்தால் அன்றைக்கு நான் நல்லவள், இல்லாவிட்டால் அந்த ரெண்டு இட்லியில் ஒன்று போய்விடும். உங்கள் மாப்பிள்ளைக்கு ஒன்றும் தெரியாது. சீசன் நேரம், விடிந்ததும் ஜீப்பை எடுத்துக்கொண்டு டூரிஸ்ட்டுகளோடு போனால் இருட்டித்தான் வருவார். "சாப்ட்டியா?" என்று கேட்பார், "ஆச்சுங்க" என்பேன்.

நாலாம் மாதம் பால்வாடியில் நர்ஸம்மா குழந்தைகளுக்கு எடை பார்த்தார். எப்படிப் பார்த்தார் தெரியுமா? உத்தரத்தில் ஒரு தொங்கு தராசு, அதன் கொக்கியில் துணித்தொட்டில், அதில் குழந்தை. பார்த்ததும் எனக்கு அழுகை வந்துவிட்டது. நீங்கள் பறிப்பு முடிகிற கடைசி நாளில் என்னைச் சாக்கில் உட்காரவைத்து எஸ்டேட் தராசில் மாட்டுவீர்களே, அதே மாதிரி. "கண்ணு தேறிட்டா, ரெண்டு கிலோ ஏறிட்டா" என்று வரிசையில் நிற்கும் பெண்களிடமெல்லாம் சொல்வீர்கள். என் எடை ஏறியதற்குச் சந்தோஷப்பட்ட ஒரே ஆள் நீங்கள்தான்.

நர்ஸம்மா அட்டையைப் பார்த்துவிட்டுப் புருவத்தைச் சுருக்கினார். "ஏனுங்க, போன மாசமும் அஞ்சு கிலோ, இந்த மாசமும் அதேதானுங்களே. பால் பத்துதுங்களா? நீங்க நேரத்துக்குச் சாப்புடறீங்களா?"

"நல்லாச் சாப்புடறனுங்க" என்றேன்.

சொல்லிவிட்டு அவருடைய தராசைக் குறை பார்க்க ஆரம்பித்தேன். ரைட்டர் மகள் இல்லையா? குழந்தை உதைக்கிறாள், முள் ஆடுகிறது, ஆட்டம் நிற்பதற்குள் எழுதிவிட்டார். தொட்டிலை மாட்டிவிட்டு முள்ளைச் சரி பார்த்தாரா என்றே தெரியவில்லை. அவர் தராசுதான் தப்பு என்று வழி நெடுகச் சொல்லிக்கொண்டே வந்தேன்.

வீட்டுக்கு வந்ததும் பின்னால் இருக்கிற சாய்ப்புக் கொட்டகைக்குப் போனேன். எஸ்டேட்டில் கம்ப்யூட்டர் தராசு வந்த வருஷம், பழையதை நீங்கள் கேட்டு வாங்கிவந்து மாட்டினீர்களே, உங்கள் தராசு. என் சேலையில் இனியாவை வைத்து அதில் மாட்டினேன். முள் ஆறு கிலோவில் நின்றது. நீங்கள் சொல்வீர்களே, சாக்கைக் கழிக்காமல் எடை எழுதக் கூடாது என்று. சேலைக்குக் கால் கிலோ கழித்தேன். அஞ்சே முக்கால். அப்பாடா என்று இருந்தது. குழந்தையை முத்தமிட்டேன். உங்கள் தராசையும் தொட்டுக் கும்பிட்டேன் அப்பா. ஊர் உலகமே பொய் சொன்னாலும் எங்கப்பா தராசு பொய் சொல்லாது என்று சத்தமாகவே சொன்னேன்.

அந்த நம்பிக்கையில் இன்னும் ஒரு மாதம் பட்டினி கிடந்தேன்.

அஞ்சாம் மாதம் நர்ஸம்மா தராசில் நாலு கிலோ எண்ணூறு. ஏறவில்லை, இறங்கிவிட்டது. இனியா அப்போதெல்லாம் அழுவதையே குறைத்துவிட்டாள். சமத்துக் குழந்தை என்று நான் பெருமைப்பட்டுக்கொண்டிருந்தேன். அழத் தெம்பில்லாமல் கிடந்திருக்கிறாள். நர்ஸம்மா அன்றைக்கே சேலத்துக்கு எழுதிக் கொடுத்தார். "எங்கூட்டுத் தராசுல அஞ்சே முக்கால் காட்டுச்சுங்க" என்று அவரிடம் வாதாடினேன். அவர் கோபப்படவில்லை. என் கையைப் பிடித்துப் பார்த்தார். பிரசவத்தப்போ கையை இறுக்கிய வளையல் லொடலொடவென்று ஆடியது.

ஆஸ்பத்திரியில் ஒன்பது நாள். என் பால் பாதிக்குமேல் வற்றிவிட்டது என்றார்கள். அவ்வளவு சின்னக் கையில் ஊசிக்கு நரம்பு கிடைக்காமல் மூன்று இடத்தில் குத்தினார்கள். அதை எழுத வேண்டாம் என்றுதான் இருந்தேன்.

திரும்பி வந்ததும் பார்க்க வந்தவர் தலைச்சோலைப் பொன்னியக்கா. இருபது வருஷம் பழம் பறித்து உங்களிடம் எடைக்குக் கொண்டுவந்தவர். உங்கள் தராசில் பார்த்துத்தான் ஏமாந்தேன் என்று அவரிடம் அழுதேன். அக்கா முகம் வெளுத்துவிட்டது.

"அய்யோ கண்ணு, அந்தத் தராசுலயா புள்ளையப் போட்ட? மழை நாள்ல தண்ணி எடைன்னு சாக்குக்கு ஒரு கிலோ கழிக்கச் சொல்லி எஸ்டேட்ல சட்டம். நொம்ப வருஷமா அப்பிடித்தான். உங்கப்பாவுக்கு மனசு கேக்குல. பின்னால இருக்கற திருகாணியத் திருகி முள்ளை முக்கால் கிலோ முன்னால தள்ளி வெச்சிட்டாரு. எங்க அஞ்சாறு பேத்துக்குத்தான் தெரியும். நாங்க வெளிய மூச்சு உடுல."

நான் நம்பவில்லை. பிரிக்காத அஞ்சு கிலோ அரிசிப் பையை எடுத்துவந்து மாட்டினேன். முள் அஞ்சே முக்காலில் நின்றது. வெறும் தராசில் முள் எங்கே நிற்கிறது என்று அன்றைக்கு நான் பார்க்கவே இல்லை. பொன்னியக்கா தரையில் உட்கார்ந்துவிட்டார். "கம்ப்யூட்டர் தராசு வந்தப்பறம் அவரால ஒன்னும் பண்ண முடியல சாமி. மழை பேஞ்சா எங்க மூஞ்சியப் பாக்கவே மாட்டாரு" என்றார்.

ஏன் அப்பா என்னிடம் சொல்லவில்லை? அஞ்சாறு பெண்களுக்குத் தெரிந்தது வீட்டில் இருக்கிற எனக்குத் தெரியக் கூடாதா? அவர்கள் முதுகில் சுமந்து வந்ததை எஸ்டேட் கழித்தது, நீங்கள் திருப்பிக் கொடுத்தீர்கள். அதில் எனக்குக் குறை இல்லை. ஊரில் இன்னொருவர் அப்பா செய்திருந்தால் கையெடுத்துக் கும்பிட்டிருப்பேன். ஆனால் அந்த முக்கால் கிலோதான் என் குழந்தையின் பசியை என் கண்ணில் படாமல் மறைத்தது. உங்கள்மேல் கோபப்படுகிறேன், அடுத்த நிமிஷமே தெரிகிறது, முள்ளை நீங்கள் தள்ளினீர்கள், சோற்றைத் தள்ளியது நான்தானே. பொய் சொன்ன தராசு என் வாய்தான். நர்ஸம்மா கேட்டபோது நல்லாச் சாப்புடறனுங்க என்றதே, அது.

நான் சின்னவளாக இருந்தபோது ஏறிய அந்த ரெண்டு கிலோவாவது நிஜமா?

இப்போதைய நிலவரம் சொல்கிறேன். இனியா ஆறு கிலோவைத் தாண்டிவிட்டாள். நர்ஸம்மா தராசில்தான், உங்களுடையதில் இல்லை. அட்டையில் அவள் கோடு இன்னும் மற்றக் குழந்தைகளுக்குக் கீழேதான் போகிறது. புட்டிப்பால், ராகிக் கூழ், எனக்கு மிச்சமிருக்கிற கொஞ்சம் பால். என் சர்க்கரை எல்லையில் நிற்கிறதாம், வந்தும் விடலாம், போயும் விடலாம். அறுபத்தொன்பது வரை இறங்கின எடை எழுபத்திரண்டுக்கு ஏறிவிட்டது. முடி கொத்துக் கொத்தாகக் கொட்டுகிறது. நர்ஸம்மா அட்டையின் பின்பக்கம் எனக்கும் எழுதிக் கொடுத்திருக்கிறார்: ஆவணி வரைக்கும் எடை மிஷினில் ஏறவே கூடாது. மூணு வேளையும் சாப்பாடு, சாயங்காலம் அரை மணி நடை. அதற்குப் பிறகு மாதம் ஒரு கிலோ, போதும். "வயித்துல பத்து மாசம் ஏறுனது பத்து மாசத்துலகூட எறங்காதுங்க, பொறுக்கோணும்" என்றார். யோசித்துப் பார்த்தேன், அந்த டாக்டர் சொன்ன மெதுவாக என்பது இதுதான்.

ஆனால் தட்டின் முன்னால் உட்கார்ந்தால் இன்னும் சோற்றைப் பிசைந்துகொண்டே இருக்கிறேன். சாப்பிட்டால் உங்களைப் போல ஆகிவிடுவேன் என்று பயம், சாப்பிடாவிட்டால் குழந்தையைக் கொன்றுவிடுவேன் என்று பயம். ஒவ்வொரு வாயையும் எண்ணிக்கொண்டு விழுங்குகிறேன். இது எப்போது சரியாகும் என்று யாரும் சொல்லவில்லை. சரியாகுமா என்பதே தெரியவில்லை.

உங்கள் மாப்பிள்ளை தராசைக் கழற்றிப் போட்டுவிடலாம் என்றார். நான் விடவில்லை. நேற்றுச் சாயங்காலம் ஸ்டூல் போட்டு ஏறி, பின்னால் இருந்த திருகாணியைத் தேடிக் கண்டுபிடித்தேன். துருப்பிடித்திருந்தது, ஆனால் உங்கள் கை பட்டுப் பட்டு அதன் தலை மட்டும் வழவழவென்று இருந்தது. உங்களை நான் கடைசியாகத் தொட்டது அதுதான் என்று வைத்துக்கொள்கிறேன். கொஞ்சம் கொஞ்சமாகத் திருகினேன். முள் பூஜ்யத்துக்கு வந்துவிட்டது. நீங்கள் செய்துவைத்ததில் நான் அழித்த முதல் காரியம் இது. கோவிச்சுக்காதீங்க அப்பா.

கார்த்திகையில் உங்கள் வருஷத் திதி வருகிறது. ஐம்பத்தெட்டு கிலோவாக வந்து நிற்கிறேன் என்று மாசி மாதம் உங்கள் போட்டோவின் முன்னால் சபதம் போட்டேனே, அது நடக்காது. மிஞ்சினால் மூன்று கிலோ குறைந்திருப்பேன். அதுவும் இல்லாமல் போகலாம். எத்தனை கிலோ இருக்கிறேனோ அத்தனையோடும் வருவேன். இந்த முறை யாரும் என்னைக் கதவுக்குப் பின்னால் உட்காரவைக்க முடியாது. இனியாவை மடியில் வைத்துக்கொண்டு, உங்களுக்குப் படைத்த இலையின் முன்னால் நானே உட்காருவேன். நீங்கள் சாப்பிடாமல் விட்டதையெல்லாம், ஒவ்வொரு வாயையும் எண்ணிக்கொண்டானாலும், ஒரு பருக்கை மிச்சம் வைக்காமல் சாப்பிடுவேன். இது சத்தியம்.

இப்படிக்கு,
உங்கள் சாக்கில் உட்கார்ந்து எடை பார்த்த மகள்,
இனியாவின் அம்மா.